பிள்ளைகளோடு மலைநாட்டில் ஒரு ஆகஸ்ட்: தேயிலை நூதனசாலையும் லயத்து நூதனசாலையும்

வெளிநாட்டிலிருந்து பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களின் பயணம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர் வீடு, கடை, கோயில், நடுவில் ஒரு யானை, கடைசியில் கடற்கரை. எங்கள் ஊர் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் என்பதால் கடற்கரையும் கிடையாது. பிள்ளைகள் போன தடவை முழுக்க யாரோ ஒருவர் வீட்டு சோபாவில் பிஸ்கட்டோடு உட்கார்ந்தே கழித்தார்கள்.

டொரோண்டோவில் கோடை வந்தால் நூலக அட்டையைக் காட்டி நூதனசாலைக்கு, அதாவது மியூசியத்துக்கு, அனுமதி எடுத்துக்கொண்டு கிளம்புவது எங்கள் வீட்டு வழக்கம். மகள் இப்போது சுவரில் இருக்கும் விளக்கங்களை ஒரு வரி விடாமல் வாசிக்கிற வயது. மகனுக்கு எதையாவது தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு மலைநாட்டில் அதேபோல் சுற்ற முடியுமா என்று பார்ப்போமே என்று கண்டியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். கூட அம்மாவும் வந்தார். பிள்ளைகளுக்கு அவர் அம்மாயி. இருபது வயதிலிருந்து கொழுந்து பறித்தவர்.

முதலில் மழை விஷயம். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் கொட்டும். அட்டன், நுவரெலியாப் பக்கம் குளிரும் பனிமூட்டமுமாக இருக்கும். அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் வெயிலும் வறண்ட காற்றும். அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் வருவதே அந்தக் காற்றால்தான், அது அவர்களுக்கு நல்ல பருவம். ஆகவே கூரைக்குக் கீழே பார்க்க வேண்டியதை மேற்கிலும், நடந்து பார்க்க வேண்டியதைக் கிழக்கிலும் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் நனையமாட்டார்கள்.

கண்டியில் எல்லாம் ஏரியைச் சுற்றித்தான். பழைய அரண்மனை வளாகத்தில் ராணிகள் இருந்த பகுதியில்தான் கண்டி தேசிய நூதனசாலை இருக்கிறது. உள்ளே தந்த வேலை, பித்தளை, அரக்கு வேலை, ஓலைச்சுவடி, நகை. கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்று. தடித்த சுவர், நடுவில் முற்றம், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி. கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் மதுரை நாயக்கர் வழி என்பதையும், கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இந்த ஏரியை வெட்டியவரும் அவர்தான். 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்கு அனுப்பினான், அங்கேயே 1832இல் இறந்துபோனார். மகள் உடனே, அப்படியானால் இது ஏன் எந்தப் பலகையிலும் தெளிவாக இல்லை என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

பலகை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நாங்கள் போன ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், சிங்களத்தில் பத்து வரி, ஆங்கிலத்தில் எட்டு வரி, தமிழில் தலைப்பு மட்டும். அந்தத் தலைப்பிலும் எழுத்துப் பிழை. வாசலில் இருந்தவரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அடுத்த முறை போகும்போதும் அது அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். அடையாள அட்டை உள்ளவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதைவிடப் பல மடங்கு. புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையில் உள்ளூர்க்காரருக்குக் கட்டணமே இல்லை, அம்மா நேரே உள்ளே போய்விட்டார், நாங்கள் வரிசையில் நின்று காசு கட்டினோம். இரட்டைக் குடியுரிமை இருக்கிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். தமிழில் பேசினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், காலில் இருக்கும் சப்பாத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிறுபிள்ளைகளுக்குப் பல இடங்களில் குறைந்த விலை உண்டு, கேட்டால்தான் சொல்கிறார்கள். சில்லறை நோட்டும் நிறைய வேண்டும், எல்லா இடத்திலும் கார்ட் எடுப்பதில்லை.

மாலையில் ஏரிக்கரை மண்டபத்தில் கண்டி நடனம். சுற்றுலாக்காரருக்கென்றே நடத்துவது, ஒரு மணி நேரம், கடைசியில் வெளியே கொண்டுபோய்த் தீ மிதிப்பு. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்தான் தாங்கும், அதற்குள் வெஸ் நடனத்தின் வெள்ளித் தலைக்கட்டு, பந்தேரு, உடுக்கி ஆட்டங்கள் எல்லாம் கண்முன் வந்துபோகிறது. முன்கூட்டியே போய் முன்வரிசையைப் பிடியுங்கள், பின்னால் இருந்தால் பிறர் தலையும் போனும்தான் தெரியும். மகன் நடனத்தைப் பார்க்கவே இல்லை, கெட்டபெரைக்காரரின் இரண்டு கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மேளத்தில் இரண்டு பக்கமும் வேறு வேறு தோல், வேறு வேறு குரல். நிகழ்ச்சி முடிந்ததும் போய் நின்றான். அவர் ஒன்றும் பேசாமல் மேளத்தை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

தலதா மாளிகையின் யானை ஊர்வலத் திருவிழாவான பெரஹரா பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை. முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவு ரந்தோலி பெரஹரா. எல்லோரும் கடைசி இரவுக்குத்தான் முட்டிமோதுவார்கள், நடைபாதை நாற்காலிக்கு அன்றைக்கு அநியாய விலை, நேரத்தோடு போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து கழிப்பறைக்குப் போகவும் முடியாது. சிறுபிள்ளைகள் இருந்தால் கும்பல் பெரஹராவே போதும், யானை கொஞ்சம் குறைவு, நெரிசலும் குறைவு. கதிர்காமத் தேவாலயத்தின், அதாவது முருகன் கோயிலின், ஊர்வலம் வரும்போது கவனியுங்கள், மயிலிறகுக் காவடி ஆடிவரும். கடைசித் தேவாலய ஊர்வலம் பத்தினி தெய்வத்துடையது, அது நம் கண்ணகிதான். அதில் பெண்கள் ஆடி வருவார்கள். அம்மா அந்த இடத்தில் மட்டும் கைகூப்பினார்.

பேராதனைப் பூங்காவை எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1821இல் தொடங்கியது, 147 ஏக்கர், மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பகலில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் கூட்டத்தைப் பார்த்தால் பிள்ளைகள் ஆர்க்கிட் வீட்டை மறந்துவிடுவார்கள். கடுகண்ணாவை ரயில் நூதனசாலை சிறியது, ஆனால் பழைய எஞ்சின்களின் அருகே போய் நிற்கலாம் என்பதால் மகனுக்குப் பிடித்தது. வேன்காரர் ஒருவர் அங்கிருந்து திரும்பும் வழியில் ‘ஃப்ரீயாகப் பார்க்கலாம்’ என்று வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் இறக்கிவிட்டார். உள்ளே ஒரு மணி நேரம் எண்ணெய் தடவி, வெளியே வரும் வழி கடைக்குள்ளாக இருந்தது. அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும், எங்களுக்கு நகரில் வாங்கக்கூடிய ஏலக்காய் இரண்டு மடங்கு விலையில் கிடைத்தது.

சரி, இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. கண்டி நகரத்திலிருந்து மலையேற்றப் பாதையில் சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். 1925இல் கட்டிய ஹந்தானைத் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை அது. மூடிக் கிடந்ததைப் புதுப்பித்து 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். வரிசை வரிசையாக ஜன்னல் வைத்த நான்கு மாடி. மேல்தளங்களில்தான் ஒரு காலத்தில் கொழுந்தை வாட்டப் பரப்பியிருப்பார்கள். இப்போது கீழே பழைய எஞ்சின்கள், உருளைகள், உலர்த்தும் இயந்திரங்கள். மேலே இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள். உச்சியில் தேநீர்க்கடை, அங்கே உட்கார்ந்தால் சுற்றுமலை முழுக்கத் தெரியும்.

சேவை என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. வழிகாட்டியாக வந்த பையன் சுத்தமாகச் சொன்னான். முதலில் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தான், அம்மா ஏதோ சொன்னதைக் கேட்டதும் சட்டென்று தமிழுக்கு மாறிவிட்டான். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதை, அடுத்த இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் துரு போல நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்த கதை, அப்புறம் லிப்டன் வந்த கதை. கழிப்பறை சுத்தம், படிகள்தான் முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம்.

உருளை இயந்திரத்தின் முன்னால் அம்மா நின்றார். ‘எங்க ஸ்டோர்ல இருந்தது இதைவிடப் பெரிசு தம்பி’ என்றார். அதோடு விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்த இயந்திரத்துக்கு முன்னால் ரோதமுனிக்குப் பூசை போடுவார்கள், சாமியைக் கும்பிடாமல் இயந்திரத்தில் கை வைத்தால் கையை எடுத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். வழிகாட்டிப் பையன் அதுவரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், நின்று கேட்டான். ரோதமுனி என்ற பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னான். அந்தச் சாமியைப் பற்றி அந்தத் தளத்தில் ஒரு பலகையும் இல்லை.

மேல் தளத்தில் மகள் கேட்டாள், ‘டெய்லர் தாத்தா ஒரே ஆளா 19 ஏக்கர் நட்டாரா?’ என்று. நல்ல கேள்வி. இயந்திரத்தைத் திருப்பிப் பார்க்கலாம், துரையின் படத்தைப் பார்க்கலாம், கொழுந்து பறித்தவர்கள் அழகான புகைப்படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மனிதர்கள் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம் கம்பளைக்குப் பக்கத்தில் பீகொக் தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக்காப்பகமும். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்தது. ஒரு பழைய லயத்தையே, தொழிலாளர் குடும்பங்கள் இருந்த வரிசை வீட்டையே, நூதனசாலையாக்கியிருக்கிறார்கள், அதுதான் அதன் பெரிய பலம். கண்ணாடிப் பெட்டியில் லயத்தின் மாதிரியைப் பார்ப்பதில்லை, நீங்களே லயத்துக்குள் நிற்கிறீர்கள். கம்பளை நகர் வரை பஸ்ஸோ ரயிலோ எடுத்து, அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது நல்லது. தோட்டத்துப் பாதையில் பெரிய வேன்கள் திணறும். போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். ஹந்தானை மாதிரி வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கும் இடம் இல்லை, நாங்கள் போனபோது வேறு யாருமே இல்லை. பக்கத்தில் கடை கிடையாது, தண்ணீர்ப் போத்தலும் பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவதும் கையில் இருக்கட்டும்.

கதவைத் திறந்துவிட்ட ஐயா அதிகம் பேசவில்லை. அம்மாவைப் பார்த்ததுமே, ‘அம்மா நீங்களே சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அம்மி, உலக்கை, மண்ணெண்ணெய் விளக்கு, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தப்பு என்கிற தோல்மேளம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் புதிது. அம்மா ஐயாவிடம் கேட்டுவிட்டுக் கூடையை எடுத்தார். சேலை முந்தானையைத் தலையில் மடித்துப் போட்டு, அதன்மேல் கயிற்றை உச்சியில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டார். இரண்டு கையும் முன்னால் வந்தன. இரண்டு இலையும் ஒரு குருத்தும், கை பறித்துக்கொண்டே இருக்க, நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்கு மேலால் பின்னால் எறிவது. வெறும் கையால்தான் செய்து காட்டினார். எத்தனையோ வருடமாகப் பறிக்காத கை, வேகம் குறையவில்லை. மகளும் மாட்டிப் பார்த்தாள். வெறும் கூடைக்கே கழுத்து பின்னால் சாய்ந்தது. நிறைந்த கூடையோடு மழையில் ஏற்றம் ஏற வேண்டும், இடுப்பில் படங்கு கட்டியிருப்போம், காலில் அட்டை ஏறும் என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அப்புறம் காம்பரா, லயத்தில் ஒரு குடும்பத்துக்கான அறை. 10 அடிக்கு 12 அடி. மகன் காலால் அளந்து பார்த்தான். இதில் எத்தனை பேர் என்று கேட்டான். தாத்தா, அப்பாயி, அம்மா, அப்பா, ஐந்து பிள்ளைகள் என்று அம்மா சொன்னார். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இரண்டு பேர் படுப்பார்கள், அடுப்பும் அங்கேதான். டொரோண்டோவில் அவனுக்கென்று தனி அறை இருக்கிறது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் ஒருமுறை அளந்தான்.

ஆவணப் பகுதியில் படங்களும் தாள்களும். தோட்டத் தொழிலாளருக்கு முதல் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர், தோட்டத்தில் பிறந்து பாராளுமன்றம் போன கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச அதுதான் சரியான இடம். 1940இல் முல்லோயாவில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனைப் பற்றியும் சொன்னேன். முல்லோயா இருப்பது ஹேவாஹெட்டைப் பக்கம், டெய்லரின் லூல்கந்துரவுக்கும் அது தூரமில்லை. ஹந்தானையில் ஒரு கதை கேட்டோம், இங்கே அதே மலையின் இன்னொரு கதை.

மகள் விடவில்லை. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் இவ்வளவு காலம் இங்கே இருந்தும் பெரிய மாமா ஏன் இந்தியாவில் இருக்கிறார் என்று கேட்டாள். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து நாட்டில் இருந்தவர்களையே நாடற்றவர்களாக்கியது, 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமா – சாஸ்திரி இருவரும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டது, அந்தக் கணக்கில் மாமா குடும்பம் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேயே சேர்ந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ‘ஆளையும் கேட்கல, ஒண்ணும் கேட்கல’ என்று அம்மா மட்டும் இடையில் சொன்னார்.

இரண்டு நூதனசாலையையும் பாருங்கள் என்பது என் யோசனை, ஹந்தானையை முதலில். இயந்திரத்தைப் பார்த்த பிறகு கூடையைப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் கேள்வி வருகிறது. ஊருக்கு வரும் நம் ஆட்கள் பலரும் ஹந்தானையோடு நிறுத்திவிடுகிறார்கள். பலருக்குப் பீகொக்கில் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. கட்டடத்துக்குப் பராமரிப்பு வேண்டும், ஈரத்தில் தாள்கள் கெட்டுவிடும். போகிறவர்கள் உண்டியலில் தாராளமாகப் போடுங்கள், வீட்டில் அப்பாயியின் பழைய துண்டுச் சீட்டோ புகைப்படமோ இருந்தால் ஒரு பிரதியாவது கொடுப்பது பற்றி யோசியுங்கள்.

கண்டியிலிருந்து பதுளை வழி ரயிலைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. முன்பதிவு இருக்கைகள் விற்பனை திறந்ததுமே காணாமல் போகின்றன, பிறகு அதே இருக்கைகள் யாரோ ஒருவர் கையில் அதிக விலைக்கு இருக்கின்றன. நாங்கள் முன்பதிவில்லாத பெட்டியில் நானுஓயா வரை நின்றே போனோம். அங்கிருந்து நுவரெலியாவுக்குப் போய் 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தில் பிள்ளைகள் டொரோண்டோவுக்குத் தங்கள் பெயருக்கே அட்டை போட்டார்கள். அட்டை எங்களுக்குப் பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது.

நூதனசாலையில் பார்த்த தப்பு அடிக்கிற இடத்தில் எப்படி இருக்கும் என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆடி மாதம், தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் திருவிழா. ஆனால் எந்தத் தோட்டத்தில் எப்போது என்று எந்தச் சுற்றுலாத் தகவல் நிலையத்திலும் இல்லை. கண்டியில் ஒரு தகவல் மேசையில் கேட்டேன், பெரஹரா துண்டறிக்கையை நீட்டினார்கள். கடைசியில் சித்தப்பா மகனுக்கு போன் போட்டதில் விஷயம் முடிந்தது. ‘அக்கா, நம்ம மேல் டிவிஷன்ல வெள்ளிக்கிழமை கரகம் பாலிக்கிறாங்க, நேரா வாங்க’ என்றான்.

ஆற்றிலிருந்து கரகம் வரும்போது முன்னால் தப்புக்காரர்கள். நடுவில் நின்று வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டுகிறார்கள், மழை ஈரத்தில் தோல் தளர்ந்துபோகும், சூடு ஏற ஏறச் சத்தம் இறுகும். மகன் கண்டியில் கெட்டபெரையைப் பார்த்த அதே பார்வையோடு நெருங்கி நின்றான். ஒரு தாத்தா அவன் கையில் குச்சிகளைக் கொடுத்தார். ஒரு கையில் மெல்லிய நீளக்குச்சி, மற்றதில் குட்டையான தடிக்குச்சி, இரண்டும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். பையனுக்கு இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்தன. தாத்தா பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஒரு காலத்தில் விடியற்காலையில் லயத்தை எழுப்பிப் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிட்டதும் இந்தத் தப்புதான் என்றார் அம்மா.

டிக்கெட் கிடையாது, நேர அட்டவணை கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. கழிப்பறைக்குச் சித்தப்பா வீடு. சாப்பாடு கோயிலில். இரவு பதினொரு மணிக்கும் பிள்ளைகள் தூங்கவில்லை.

காமன் கூத்தைத்தான் பார்க்க முடியாமல் போனது. அது மாசி மாதக் கூத்து. அமாவாசை கழிந்து காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதியும் மன்மதனும் வேடம் கட்டி வீடு வீடாக வந்து, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிக்கும் இரவு வரை நடக்கும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது எப்போதும் கிடைக்காது. ஆனால் ஒன்டாரியோவில் மார்ச் நடுவில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை இருக்கிறது, மாசி அமாவாசை தள்ளி வருகிற வருடங்களில் தகனம் அந்த வாரத்தில் விழ வாய்ப்பு உண்டு. தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பம் ஊன்றும் தேதியைத் தோட்டத்தில் முடிவு செய்ததும் அவன் அழைப்பான், விமான டிக்கெட் விலை பார்ப்பது அதற்குப் பிறகுதான்.